கைக்கு அடக்கம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் நலம், இருமல் ஒருவழியாக விட்டுவிட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மூன்று மாடி ஏறுகிறாய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறு. வீறாப்பெல்லாம் வேண்டாம்.

"இனிமே போன்ல பேச மாட்டேன், எழுதறதுன்னா எழுது" என்று நீ சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அத்தான் தவறிப்போன அன்று மதியம் நீ என்னைப் பதினோரு தடவை கூப்பிட்டாய். என் போன் கம்பெனி வாசலில், இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. போன் செய்கிற கம்பெனியில் ஆட்களுக்குப் போன் கிடையாது. புது மாடலை யாரும் படம் பிடித்துவிடக் கூடாதாம். தங்குவதும் உள்ளேயே என்பதால் இரண்டு நாள் கழித்து வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்கு நான் என்ன சமாதானம் சொன்னாலும் எடுபடாது. அதனால் வேறு விஷயம் எழுதுகிறேன்.

நான் இருப்பது கை அளவுப் பிரிவு. எந்தப் போன் எந்தக் கைக்குப் பொருந்தும், கட்டைவிரல் எதுவரை எட்டும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. இப்போது புதிதாக ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். பதினைந்து வருஷத்து மாடல்களை வரிசையாக வைத்து, எந்த வயதுக்காரருக்கு எது பிடிக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். வெளியாட்களிடமும் கேட்கலாம் என்றதும் உன் நினைவு வந்தது. உனக்கு எழுத ஒரு சாக்கு கிடைத்தது என்றே வைத்துக்கொள்.

இத்துடன் வரும் பெட்டியில் ஐந்து டம்மி இருக்கிறது. கடைகளில் கண்ணாடிக்குள் வைப்பார்களே, அதுதான். வடிவம், எடை எல்லாம் நிஜப் போன் போலவே இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நான்கு அங்குலம், நாலே முக்கால், ஐந்தரை, ஆறு, ஆறே முக்கால். ஒவ்வொன்றையும் இரண்டு நாள் கையில் வைத்திருந்து, எது பிடித்தது என்று எழுது. கூடவே ஒரு தாளில் கையை விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. மணிக்கட்டு மடிப்பில் குறுக்கே ஒரு கோடு போடு. அங்கிருந்து நடுவிரல் நுனிவரைதான் நாங்கள் அளப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி

ஜனவரி 29

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. முழங்கால் அது பாட்டுக்கு இருக்கிறது, நான் பாட்டுக்கு இருக்கிறேன். உன் இருமல் விட்டதில் சந்தோஷம். பனியில் தலையைக் காட்டாதே.

உன் பெட்டியைப் பல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் என் மேசையில் பரப்பி வைத்தேன். காத்திருக்கிறவர்கள் பல்வலியை மறந்துவிட்டார்கள். கல்லூரிக்குப் போகிற ஒரு பெண் ஆறே முக்காலை எடுத்து, சுண்டுவிரலை அடியில் முட்டுக் கொடுத்து ஒரே கையில் நிறுத்தினாள். அவளுடைய அப்பா நாலே முக்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "இதோட விளிம்பு வழவழன்னு இருக்கும்மா. இதுக்கப்புறம் வந்ததெல்லாம் செங்கல்லு" என்றார். அவள், "உங்க கண்ணுக்கு அதுல எழுத்தே தெரியாதுப்பா" என்றாள். டாக்டரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்வரை சண்டை ஓயவில்லை.

எனக்குப் பிடித்தது நான்கு அங்குலம். கீழே வட்டமாக ஒரு பொத்தான் இருக்கிறதே, அது. என் பழைய போனும் அதேதான். கட்டைவிரல் எல்லா மூலைக்கும் போகிறது, கைக்கு அடக்கமாக இருக்கிறது. பெரியது காய் நறுக்கும் பலகை மாதிரி இருக்கிறது. உன் அத்தான் இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பார். "போன்னா கை நிறையணும். இல்லாட்டி கை காலியா இருக்கற மாதிரி இருக்கு" என்பாரே.

கை வரைந்திருக்கிறேன். வலது கையில் பென்சில் இருந்ததால் வந்தது இடது கை. நீ சொன்ன மணிக்கட்டுக் கோட்டை முழுக்கப் போடவில்லை, ஒரு விரல் அகலம் விட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே, அவரிடம் கற்ற பழக்கம். செருப்புப் பட்டறையில் யார் கால் வைத்தாலும் குதிகாலில் கொஞ்சம் விட்டுத்தான் வரைவார். ஏன் என்று கேட்டால், "கோட்டை மூடிட்டா கால் உள்ளயே மாட்டிக்கும். வெளிய வர வழி வேணாமா?" என்று சிரிக்காமல் சொல்வார். வந்தவர்கள் ஒரு நொடி காலைப் பார்ப்பார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம், நலமறிய ஆசை.

உன் கை 168 மில்லிமீட்டர். நான்கு அங்குலத்துக்குச் செய்து வைத்த கை. எங்கள் அலமாரியில் ரப்பர்க் கைகள் ஐந்து அளவில் வரிசையாக நிற்கின்றன. அதில் இரண்டாவது கை நீதான். காலையில் வேலைக்கு வந்ததும் அதற்கு ஒரு வணக்கம் வைக்கிறேன், கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

எனக்குப் பிடித்ததைக் கேட்டாயா? கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் கல்லூரிப் பெண்ணின் அப்பா கட்சிதான் நான், நாலே முக்கால். எங்கள் மேலாளருக்கு மூடித் திறக்கிற பழைய போன் பிடிக்கும். "பட்டுன்னு மூடினா கோபம் காட்டலாம், இப்ப எதை மூடறது?" என்கிறார்.

பழைய நோட்டைப் புரட்டினேன். இந்த வேலைக்குச் சேர்ந்த வாரம் நான் முதன்முதலில் அளந்தது அத்தான் கையைத்தான். இடக்கைக்காரர் இல்லையா, பென்சிலை இடது கையில் பிடித்துத் தன் வலது கையைத் தானே வரைந்து கொடுத்தார். 189. ஆள்காட்டி விரல் நுனி தட்டையாக இருக்கிறது, தோல் வெட்டும் கத்தி கொண்டுபோனது. "மச்சான், என் கைக்கு ஏத்த போன் உங்க கம்பெனி இன்னும் செய்யல" என்றார். என்னை மச்சான் என்று கூப்பிட அவரை விட்டால் ஆளே இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது, அக்கா.

குடும்பத்தோடு தங்கும் வீட்டுக்கு மனுப் போட்டிருக்கிறேன். கிடைத்தால் நீ இங்கே வந்துவிடு. தனியாக இருந்தது போதும்.

இன்னும் இரண்டு முறை கை வரைந்து அனுப்பு. பென்சில் சாய்ந்தால் அளவு மாறும், அதனால் மூன்று தாள் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

உன் தம்பி

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். முழங்கால் வலி தானாகவே போய்விட்டது, மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறேன்.

ஒரு விஷயம் சொன்னால் சிரிக்கக் கூடாது. நான்கு அங்குலம் இப்போது பிடிக்கவில்லை. கையில் எடுத்தால் பொம்மையை எடுத்த மாதிரி இருக்கிறது. என் பழைய போனிலும் ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பது திறந்துகொள்கிறது. நாலே முக்கால்தான் சரியாக இருக்கிறது, உன் கட்சிக்கு வந்துவிட்டேன். ஐந்தரையும் அவ்வளவு மோசமில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வீட்டில் அவர் சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறேன். தளர்வாக இருக்கிறது, யார் பார்க்கப் போகிறார்கள்? பை மட்டும் காலியாகத் தொங்குவது பார்க்கச் சகிக்கவில்லை. உன் ஆறே முக்கால் டம்மியை அதில் போட்டு வைத்திருக்கிறேன். அவருடைய போன் மாதிரியே பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. குனிந்தால் நெஞ்சில் இடிக்கிறது. பழகிவிட்டது.

அங்கே வருவதைப் பற்றி எழுதியிருந்தாய். வரலாம்தான். வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் வந்துவிட்டால் இங்கே தனியாக இருக்குமே என்று யோசிக்கிறேன்.

கை வரைந்திருக்கிறேன்.

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம். முழங்கால் வலி போனதில் சந்தோஷம்.

எது தனியாக இருக்கும் என்கிறாய்? வீடா?

உன் கையை அளந்தேன். 173. முதல் தாளோடு வைத்துப் பார்த்தால் ஐந்து மில்லிமீட்டர் கூடுதல். பென்சில் சாய்ந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். சாய்ந்தால் விரல் தடிமனாகத் தெரியும், இவ்வளவு நீளாது. சுருக்கமாகச் சொன்னால் உன் கை நீளமாகிவிட்டது, அக்கா. வளர்ந்த ஆளுக்கு அப்படி ஆகாது. வீக்கம் ஏதாவது இருக்கிறதா? டாக்டரம்மாவிடம் காட்டு. பல் டாக்டர் என்றாலும் டாக்டர்தானே.

இன்னொன்று. மணிக்கட்டில் ஒரு விரல் அகலம் விட்டிருந்தாயே, இந்தத் தடவை ஒரு தீக்குச்சிதான் நுழையும். தெரியாமல் கை இழுத்துவிட்டதா?

ஆறே முக்காலைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாதே. சும்மா சொல்கிறேன். என்னவோ வேண்டாம் என்று தோன்றுகிறது.

உடனே பதில் போடு.

உன் தம்பி

ஏப்ரல் 30

தம்பிக்கு,

பதில் போட ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, வேலை இருந்தது. பட்டறைச் சாமான்களைத் துடைத்து, கத்திகளைத் தீட்டி வைத்தேன். துரு ஏறியிருந்தது.

கை நீளம் என்று வெளியில் சொல்லித் தொலைக்காதே. டாக்டரம்மா மேசைச் சாவியைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார். அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீக்கமெல்லாம் இல்லையே, கை நல்லாத்தான் இருக்கு. வேலை செஞ்ச கை" என்றார். இருபது வருஷமாக நான் பார்த்தது மேசை வேலைதான். ஆஸ்பத்திரிக் கையுறையில் எனக்கு எப்போதும் ஸ்மால், போன மாதம் மீடியம் எடுத்தேன், இப்போது லார்ஜ். கம்பெனி மாற்றியிருப்பார்கள். மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடிந்தது.

உன் அக்காவுக்கு இப்போது ஐந்தரைதான் பிடிக்கிறது. ஆறும் பரவாயில்லை. அதற்கு முந்தியதெல்லாம் கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரிவதில்லை. நீங்கள் சின்னது செய்ததே வீண் வேலை. தோல் வெட்டும்போது அரை நூல் குறைந்தாலும் கால் வலிக்கும், தெரியுமா?

கை இத்துடன்.

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்கு உடம்பு நலம், மனசு நலமாக இல்லை.

கடிதத்தின் அடியில் 'உன் அக்கா' என்று நீ எழுதவில்லை. நடுவில் மட்டும் 'உன் அக்காவுக்கு' என்று யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல எழுதியிருக்கிறாய். கிண்டலுக்குத்தான் எழுதினாய் என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லிக்கொண்டேன். எழுத்தும் இடப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது. உன் எழுத்து அச்சடித்த மாதிரி நேராக நிற்குமே.

போகட்டும். நீ அனுப்பியிருப்பது வலது கை.

யோசித்துப் பார். நீ வலக்கைக்காரி. பென்சில் வலது கையில் இருந்தால் தாளில் இருப்பது இடது கையாகத்தான் இருக்கும். போன இரண்டு தடவையும் அப்படித்தான் வந்தது. வலது கை தாளில் இருந்தது என்றால் பென்சிலைப் பிடித்தது யார்? கோட்டில் ஒரு நடுக்கம் இல்லை. பழகிய கை வரைந்தது. நான் இதைத்தானே தினமும் பார்க்கிறேன்.

நீளம் 181. மணிக்கட்டில் இருந்த இடைவெளி ஒரு நூல் அளவுக்கு வந்துவிட்டது.

வீட்டில் கூட யாராவது இருக்கிறார்களா? இருந்தால் சொல், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். யாரும் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடு.

வீடு கிடைத்துவிட்டது. இரண்டு அறை, ஜன்னலைத் திறந்தால் ஒரு மரம். ஜூலை மூன்றாம் தேதி பஸ்ஸுக்குச் சீட்டு எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். புது மாடல் வெளியாகும்வரை எனக்கு ஒரு நாள் லீவுகூடத் தர மாட்டார்கள். இல்லாவிட்டால் நானே வந்து கையோடு கூட்டிக்கொண்டு வந்திருப்பேன். நீ பஸ்ஸில் ஏறினால் போதும். நிலையத்தில் நான் நிற்பேன், கம்பெனியிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

உன் தம்பி

ஜூன் 9

அக்கா,

பதில் இல்லை. நலமா?

நீ வேண்டாம் என்று சொன்னதை மீறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலுக்குப் போய், என் போனை வாங்கி, உன்னைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். "அக்கா, அக்கா" என்றேன். தொண்டையைச் செருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு சின்னச் செருமல், ஒரு பெரிய செருமல். அப்புறம் வைத்துவிட்டார்கள்.

நீ அப்படிச் செருமமாட்டாய். அப்படிச் செருமுகிறவரை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

காவல்காரர், "என்ன சார், தப்பான நம்பரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரே ஒரு வரி எழுதிப் போடு. உன் கையால்.

உன் தம்பி

ஜூன் 21

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அக்காதான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பேனாவை வலது கையில் பிடிக்க இப்போது பாடாக இருக்கிறது. காலையில் கொஞ்ச நேரம்தான் முடிகிறது. அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. பதினோரு தடவையும் மணி அடித்து அடித்து நின்றது. ஒவ்வொரு தடவையும் நீ எடுத்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். அதற்கப்புறம் போனை எடுத்தாலே கை காலியாக இருந்தது. அவர் சொல்வாரே, அதேதான். கேலி செய்துகொண்டு இருந்தேன், நிஜமாகவே அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

உன் பெட்டி வந்த வாரமே ஆறே முக்காலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு எழுதவில்லை. நான்கு அங்குலம் பிடிக்கும் என்று எழுதியது பாதி பொய். பெரியதைப் பிடித்தால் உள்ளங்கை நிறைந்தது, யாரோ கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. கொஞ்ச நாளில் அது என் கையைப் பிடித்திருக்கிறதா, நான் அதைப் பிடித்திருக்கிறேனா என்று தெரியாமல் போயிற்று. நன்றாகத்தான் இருந்தது, தம்பி. பயமாக இருந்தது என்று சொன்னால் அதுவும் பொய். போன வாரம்தான் பயந்தேன். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரும்போது, 'இவள் எங்கே போனாள்' என்று நினைத்தேன். என்னைத்தான் அப்படி நினைத்தேன்.

வந்துவிடுகிறேன். சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான்கு அங்குலத்தைப் பையின் அடியில், துணிக்கு நடுவில் வைத்துவிட்டேன். பெரியதை இங்கேயே விட்டுவிட்டு வருவேன். நிலையத்தில் நில். என்னைப் பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடாதே, அக்கா என்று கூப்பிடு. சத்தமாகக் கூப்பிடு.

உன் அக்கா
உன் அக்கா

ஜூலை 5

மச்சானுக்கு,

ஒரு விசாரிப்பு. இருமல் எப்படி இருக்கிறது? இங்கே நான் சௌக்கியம். எழுதி வெகுநாள் ஆகிவிட்டது. பேனாவை விடக் கத்திதான் கைக்குப் பழகியது, உனக்குத் தெரியாததா.

உன் அக்கா அங்கே வந்து சேர்ந்தாளா? போகிறேன் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். சரி, தம்பி வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று பையைக் கொண்டுவந்து பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். வந்ததும் ஒரு வரி எழுதச் சொல். அவள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. கூப்பிட்டால் பதில் வருவதில்லை. இங்கேதான் எங்கேயோ ரொம்பப் பக்கத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறது.

உன் டம்மிகளைப் பார்த்தேன். ஆறே முக்கால் அருமை. நான்கு அங்குலத்தை மட்டும் பெட்டியில் காணோம், போனால் போகட்டும், அது என்ன போன்? ஆனால் ஆறே முக்காலும் இப்போது கொஞ்சம் சிறிதாகத் தெரிகிறது. இன்னும் பெரியதாக எப்போது செய்யப் போகிறீர்கள்?

மூன்று தாள் கேட்டிருந்தாயாமே. எண்ணிக்கை எனக்குத் தெரியாது, இதையும் வைத்துக்கொள். உங்கள் கம்பெனி கேட்டபடி மணிக்கட்டுக் கோட்டை முழுக்கப் போட்டிருக்கிறேன்.

அத்தான்

ஜூலை 13

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

மச்சான் எழுதுவது. நீங்கள் சௌக்கியம் என்று எழுதியிருந்தீர்கள். நான் சௌக்கியமாக இல்லை.

அக்கா வந்து சேரவில்லை.

மூன்றாம் தேதி நிலையத்தில் நின்றேன். பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கினார்கள். பதினான்காம் நம்பர் சீட்டில் அக்காவின் பை மட்டும் இருந்தது. கண்டக்டரிடம் கேட்டேன். "அங்க ஏறினவங்க பையை வெச்சுட்டு, 'மச்சான் வந்து எடுத்துக்குவான்'னு சொல்லிட்டு உடனே இறங்கிட்டாங்க" என்றார். ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "சட்டை போட்டிருந்தாங்க. அதுக்கு மேல சொல்லத் தெரியல சார்" என்றார். பையின் அடியில், துணிக்கு நடுவில், அந்த நான்கு அங்குலம் இருந்தது. காலியான பஸ்ஸுக்குள் நின்று "அக்கா, அக்கா" என்று கத்தினேன். சத்தமாகத்தான் கத்தினேன்.

உங்கள் தாளை அளந்தேன். 189. ஆள்காட்டி விரல் நுனி தட்டை. என் நோட்டில் இருக்கும் உங்கள் பழைய தாளை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இரண்டு கோடும் ஒன்றாகவே தெரிந்தது. அத்தான், ஒன்று சொல்கிறேன். உங்களைப் பார்க்கவேண்டும் என்று நானும் இந்த ஒரு வருஷமாக ஏங்கினேன். 'மச்சானுக்கு' என்று உங்கள் எழுத்தைப் பார்த்ததும், எல்லாம் தெரிந்திருந்தும், ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு நொடிக்காக என்னை அக்கா மன்னிக்கட்டும்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியவில்லை என்கிறீர்கள். எனக்குத் தெரியும். எங்கேயும் போகவில்லை, நீங்கள் எழுதிய மாதிரி ரொம்பப் பக்கத்தில்தான் இருக்கிறாள். எத்தனையோ பேர் காலுக்கு வழி விட்டு வரைந்த நீங்கள், இந்த ஒரு தடவை கோட்டை மூடிவிட்டீர்கள். தெரிந்து செய்திருக்கமாட்டீர்கள். கம்பெனி கேட்டது என்று செய்தீர்கள். அந்தக் குறுக்குக் கோட்டைப் போடச் சொல்லி முதல் கடிதத்தில் எழுதியவன் நான்தான்.

வேலையை விட்டுவிட்டேன். வாசலில் என் போனை வாங்கிக்கொண்டேன், இனி அது எந்தப் பெட்டிக்குள்ளும் போகாது. பதினேழாம் தேதி காலைப் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்கு ஒரு நாள் முன்னால் உங்கள் கைக்கு வரும் என்று தபால்காரர் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒரு ரப்பர் துண்டும் உள்ளே இருக்கிறது. நானே அழித்துப் பார்த்துவிட்டேன், காகிதம்தான் தேய்கிறது, கோடு போகவில்லை. வரைந்த கைதான் அழிக்க வேண்டும் போலிருக்கிறது. பெரிதாக ஒன்றும் வேண்டாம், அத்தான். ஒரு விரல் அகலம் போதும். அவள் கை சின்னக் கை, வந்துவிடுவாள்.

அன்று அவள் பதினோரு தடவை கூப்பிட்டாள். நான் பன்னிரண்டு தடவை கதவைத் தட்டுவேன். திறப்பது நீங்களாக இருந்தால், என்னிடம் ஒன்றும் பேசாமல், உங்கள் கையை மட்டும் நீட்டுங்கள். நான் முதலில் அளந்து பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மச்சான்